வேலிக்குத் தப்பிய வயல்கள்

மத்திய இங்கிலாந்தின் மேல் விமானத்தில் பறப்பவர்களுக்குக் கீழே தெரிவது கட்டம் கட்டமான பசுமை. ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் முட்செடி வேலி, நடுவே தன்னந்தனியாக ஒரு பண்ணை வீடு, அதற்குப் போகும் ஒற்றைப் பாதை. அந்நாட்டின் தொன்மையான முகம் இதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இதன் பெரும்பகுதி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் வரைந்த கோலம். அதற்கு முந்தைய பல நூற்றாண்டுகளில் இதே மண்ணில் வேலிகள் அரிது. ஊர் முழுவதும் சேர்ந்து உழுது, சேர்ந்து அறுத்து, அறுத்த பிறகு சேர்ந்தே மாடு மேய்த்த பெருவயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடந்தன.

அந்தப் பழைய நிலத்தை இன்றும் நேரில் காண நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டனுக்குத்தான் போக வேண்டும். நாட்டிங்காம் நகருக்கு வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டர், நியூவார்க் நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, நீண்ட ஒரு தெரு, செங்கல் வீடுகள். முதல் பார்வையில் வேறெந்த ஆங்கிலக் கிராமத்திலிருந்தும் பிரித்துச் சொல்ல எதுவுமில்லை. தெருவைத் தாண்டி வயலுக்குள் இறங்கினால்தான் வேறுபாடு புலப்படும். அங்கே வேலி கிடையாது. ஒருவருடைய கோதுமை முடிந்த இடத்தில் அடுத்தவருடைய கோதுமை தொடங்குகிறது.

இப்படிப்பட்ட பெருவயல்களின் மிச்சங்கள் டெவனில் உள்ள பிரான்டனிலும், லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் பகுதியிலும் உண்டு. மூன்று வயல்களின் சுழற்சியும் அதை மேற்பார்க்கும் ஊர் மன்றமும் ஒன்றாக உயிரோடிருப்பது லாக்ஸ்டனில் மட்டும்தான்.

லாக்ஸ்டனைப் புரிந்துகொள்ள அதன் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி ஷெர்வுட் காடு. ராபின் ஹூட் கதைகளால் உலகறிந்த அந்தக் காடு மணற்பாறையின் மேல் நிற்கிறது. தண்ணீர் தங்காத, சத்துக் குறைந்த மணல் மண் என்பதால் அங்கே பயிரைவிட மரமும் புதரும்தான் அதிகம் நிலைத்தன. கிழக்கே போகப் போக மணற்பாறை மறைந்து, புவியியலாளர்கள் மெர்ஸியா மட்ஸ்டோன் என்றழைக்கும் செந்நிறக் களிப்படிவம் மேலே வருகிறது. லாக்ஸ்டனின் வயல்கள் இந்தக் களிமண்ணில் அமைந்தவை. மழைக்காலத்தில் காலைப் பிடித்து இழுக்கும், கோடையில் வெடித்துப் பிளக்கும். ஆனால் கோதுமைக்கு அது நல்ல மண். உழுவதுதான் பாடு.

அந்தக் களிமண்ணைப் புரட்டக் கனமான கலப்பையும் அதை இழுக்க எட்டு மாடுகள் வரையிலும் தேவைப்பட்டன. ஒரு குடியானவனிடம் எட்டு மாடு ஏது? ஒருவர் இரண்டு மாடு கொண்டுவந்தார், இன்னொருவர் கலப்பை கொண்டுவந்தார், கூட்டு உழவாகத்தான் வேலை நடந்தது. எட்டு மாட்டு ஏரை நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. அதனால் உழவுச்சால் நீளமாக ஓடியது. ஏர் திருப்பும் இடம் வருவதற்கு முன்பே மாடுகளை ஒருபக்கமாக ஒதுக்கத் தொடங்குவார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படி ஒதுக்கியதில் உழுத ஒவ்வொரு நீண்ட நிலப்பட்டையும் நேர்கோடாக இல்லாமல் இருமுனைகளிலும் மெல்ல வளைந்துபோனது. மண்ணை எப்போதும் பட்டையின் நடுப்பக்கமாகவே புரட்டிப் போட்டதால் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்தது. களிமண்ணில் தேங்கும் மழைநீருக்கு அந்தப் பள்ளமே வடிகால். மத்திய இங்கிலாந்தின் பல புல்வெளிகளில், சூரியன் சாய்ந்திருக்கும் வேளையில், இந்த மேடுபள்ளங்களின் நிழல் இன்றும் அலையலையாகத் தெரியும். கலப்பை ஓய்ந்து நூற்றாண்டுகள் ஆன பின்னும் மண்ணின் வடிவம் மாறவில்லை.

லாக்ஸ்டனில் மூன்று பெருவயல்கள்: மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். ஒன்றில் அந்த ஆண்டு குளிர்காலக் கோதுமை. இரண்டாவதில் வசந்தத்தில் விதைக்கும் பார்லியோ பயறு வகையோ. மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு எல்லாம் ஒரு படி நகரும். எந்த விவசாயிக்கும் மூன்று வயல்களிலும் நிலம் இருக்கும், அதுவும் ஒரே இடத்தில் இராது. இங்கொரு பட்டை, அங்கொரு பட்டை. இந்தச் சிதறலுக்கு என்ன காரணம் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கூட்டு உழவில் அன்றன்றைக்கு உழுது முடித்த நிலத்தை வரிசையாகப் பங்கிட்டதால் வந்தது என்று லாக்ஸ்டனை ஆராய்ந்த சார்லஸ் ஆர்வினும் அவர் மனைவி கிறிஸ்டபெலும் வாதிட்டார்கள். நிலம் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு ஆலங்கட்டி மழையில் குடும்பமே பட்டினி கிடக்க நேரும், பரவிக் கிடந்தால் ஏதாவது தப்பும், ஆகவே அது ஒரு காப்பீட்டு ஏற்பாடு என்றார் பொருளாதார வரலாற்றாய்வாளர் டீர்ட்ரே மெக்லாஸ்கி. இரண்டுமே லாக்ஸ்டன் மண்ணுக்குப் பொருந்துகின்றன. ஆனால் மேட்டு நிலம், பள்ள நிலம், நல்ல மண், மோசமான மண் எல்லாவற்றிலும் எல்லாருக்கும் பங்கு என்ற நியாயத்தையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளாமல் இந்த அமைப்பு இத்தனை காலம் நீடித்ததை விளக்க முடியாது.

ஊரின் வடிவமும் இதிலிருந்து பிறந்ததுதான். நிலம் நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும்போது வயல் நடுவில் வீடு கட்டுவதில் பொருளில்லை. எனவே லாக்ஸ்டனில் பண்ணை வீடுகள் எல்லாமே தெருவில் இருக்கின்றன. பல வீடுகள் தெருவுக்குப் பக்கச்சுவரைக் காட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் களஞ்சியம், தொழுவம், அதற்கும் பின்னால் நீண்ட கொல்லை. டிராக்டர்கள் ஊருக்குள்ளிருந்துதான் வயலுக்குப் புறப்படுகின்றன.

ஆவணத்தில் இந்த ஊர் முதன்முதலாகத் தெரிவது 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பேரேட்டில். நார்மன் படையெடுப்புக்கு முன் டோக்கி என்ற டேனியப் பெயர் கொண்டவரிடம் இருந்த ஊர், பின்னர் ஜெஃப்ரி அல்செலின் என்ற நார்மன் பிரபுவின் கைக்குப் போனது. ஊருக்கு வடக்கே இன்றும் ஒரு பெரிய மண்மேடும் அதைச் சுற்றிய அகழியின் தடமும் உண்டு. அதன் மேல் நின்ற கோட்டைக்கு உரியவர்கள் டி கோ குடும்பத்தினர். ஷெர்வுட் உள்ளிட்ட அரச காடுகளின் காவல் பொறுப்பு அவர்களுக்குப் பரம்பரை உரிமை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பொறுப்பை வகித்தவர் ஒரு பெண், மட்டில்டா டி கோ. அவர் வழியாக உரிமை எவரிங்காம் குடும்பத்துக்குப் போயிற்று. தூய மிக்கேல் தேவாலயத்தில் எவரிங்காம் குடும்பத்தாரின் கல்லறைச் சிற்பங்கள் படுத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணின் உருவம். கல்லில் செய்த சிற்பங்களுக்கு நடுவே பல நூற்றாண்டுகளைத் தாங்கி நிற்கும் அந்த மரம் நின்று பார்க்க வேண்டிய ஒன்று.

பிரபுக்களும் கோட்டையும் எத்தனையோ ஊர்களுக்கு உண்டு. லாக்ஸ்டனுக்கு மட்டும் கிடைத்த கொடை 1635ஆம் ஆண்டின் வரைபடம்.

அப்போது ஊரின் உரிமையாளர் சர் வில்லியம் கோர்ட்டன். பிளாண்டர்ஸிலிருந்து மத ஒடுக்குமுறைக்கு அஞ்சி லண்டனில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த பெருவணிகர். அரசர்களுக்கே கடன் கொடுத்தவர். 1627இல் பார்படோஸ் தீவில் ஆங்கிலேயர் குடியேறியது இவருடைய பணத்தில்தான். இந்திய வரலாற்றிலும் இவருக்கு ஒரு மூலை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்கும்படி, கிழக்கு நாடுகளுடன் வணிகம் செய்ய இவருடைய கூட்டாளிகளுக்கு முதலாம் சார்லஸ் மன்னர் 1635 டிசம்பரில் அனுமதி கொடுத்தார். ஜான் வெடெல் தலைமையில் மறு ஆண்டு புறப்பட்ட கப்பல்கள் கோவாவையும் கன்னடக் கரையில் உள்ள பட்கலையும் தொட்டுச் சீனாவரை போயின. கப்பல்கள் புறப்பட்ட சில வாரங்களில் கோர்ட்டன் இறந்துவிட்டார்.

கடல்கடந்து முதல் போட்ட அதே மனிதர், அதே ஆண்டில், லாக்ஸ்டனின் ஒவ்வொரு பட்டையையும் அளந்து எழுதச் சொன்னார். நிலத்திலிருந்து என்ன வருமானம் கிடைக்கும் என்று வணிகருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அளந்தவர் மார்க் பியர்ஸ். அவர் தயாரித்த பேரேட்டில் ஒவ்வொரு பட்டையும் யாருடையது, எந்த வயலில் எந்தப் பிரிவில் இருக்கிறது, பரப்பு எவ்வளவு என்பது ஒன்றுவிடாமல் பதிவாகியிருக்கிறது. கூடவே ஒரு பெரிய வரைபடம். அது இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் எண், உரிமையாளரைக் காட்டும் குறிப்பு. ஆங்காங்கே சிறு சிறு ஓவியங்களும் உண்டு: ஏர் ஓட்டுகிறவர், கதிர் அறுக்கிறவர்கள், வேட்டைக்காரர்கள். ஒரு கணக்கு ஆவணத்தில் அந்த உருவங்களை வரைய வேண்டிய அவசியம் பியர்ஸுக்கு இருக்கவில்லை. அவர் வரைந்ததால் அந்த நிலத்தில் உழைத்தவர்களின் அசைவும் எண்களோடு சேர்ந்து நம்மிடம் வந்திருக்கிறது.

1938இல் ஆர்வின் தம்பதியர் ‘தி ஓபன் ஃபீல்ட்ஸ்’ என்ற நூலை எழுதியபோது இந்த வரைபடமே அதன் முதுகெலும்பாக அமைந்தது. பெரும்பாலான ஊர்களில் பழைய வயல்முறையை ஆவணத் துணுக்குகளிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். லாக்ஸ்டனிலோ 300 ஆண்டுப் பழைய வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதே வயலில் நடக்க முடிந்தது. உழவர்களிடம் கேட்கவும் முடிந்தது.

கோர்ட்டனுக்குப் பிறகு சில ஆண்டுகளில் ஊர் பியர்பாண்ட் குடும்பத்துக்கு விற்கப்பட்டது. பின்னாளில் மேன்வர்ஸ் பிரபுக்கள் என்று பெயர்பெற்ற இந்தக் குடும்பத்தின் மாளிகை அருகிலுள்ள தோர்ஸ்பியில் இருந்தது. அவர்கள் காலத்தில்தான் இங்கிலாந்து முழுவதும் வேலியடைப்பு என்ற பெரும் மாற்றம் வீசியது. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலியடைப்புச் சட்டங்கள் 5,200க்கு மேல். அவற்றால் அடைக்கப்பட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. நடைமுறை ஊருக்கு ஊர் ஒரே மாதிரிதான். நிலவுடைமையாளர்கள் மனுப் போடுவார்கள், சட்டம் நிறைவேறும், ஆணையர்களும் அளவையாளர்களும் வருவார்கள், சிதறிய பட்டைகளுக்கு ஈடாக ஒரே இடத்தில் நிலம் ஒதுக்குவார்கள், வேலி நட வேண்டும் என்பார்கள். விளைச்சல் பெருகியது என்பது உண்மை. ஆனால் வேலிச் செலவைத் தாங்க முடியாத சிறு விவசாயி நிலத்தை விற்றார். பொதுமேய்ச்சலை நம்பி ஒரு பசு வைத்திருந்த கூலிக் குடும்பத்துக்கு அந்தப் பசுவும் இல்லாமல் போனது. அன்றைய நார்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த கூலித் தொழிலாளிதான் கவிஞர் ஜான் கிளேர். அவருடைய ஊருக்கான சட்டம் 1809இல் வந்தது; அந்த இழப்பு அவர் கவிதைகளில் கடைசிவரை ஒலித்தது.

லாக்ஸ்டன் எப்படித் தப்பியது? பழைமையின் மேல் யாருக்கோ இருந்த பற்று என்று சொல்ல ஆதாரம் இல்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே ஊரின் ஒரு பகுதி நிலத்தை உடைமையாளர்கள் தமக்குள் பேசி அடைத்துக்கொண்டார்கள். மிச்சத்தையும் அடைத்திருப்பார்கள். ஆனால் ஊர் ஒரே பிரபுவிடம் இல்லை. பியர்பாண்ட் குடும்பத்தின் நிலமும் மற்றொரு பிரபுக் குடும்பத்தின் நிலமும் சிறு உடைமையாளர்களின் நிலமும் வயலெங்கும் பின்னிக் கிடந்தன. யாருக்கு எது என்று பிரிப்பதில் இணக்கம் வர நீண்ட காலம் ஆயிற்று. அந்தச் சிக்கல் தீர்ந்த காலத்திலோ 1870களில் தொடங்கிய விவசாய வீழ்ச்சி வந்துவிட்டது. அமெரிக்கத் தானியம் வந்து குவிந்து கோதுமை விலை சரிந்த நேரத்தில் வேலிக்கும் வடிகாலுக்கும் புதுப் பண்ணை வீடுகளுக்கும் யாரும் பணம் போட முன்வரவில்லை. இழுபறியும் பணமுடையும் சேர்ந்துதான் இந்த வயல்களைக் காப்பாற்றின.

தற்செயல் ஒரு ஊரைச் சில பத்தாண்டுகள் காப்பாற்றலாம். பல நூற்றாண்டுகள் காப்பாற்ற ஊருக்குள்ளேயே ஓர் ஏற்பாடு வேண்டும். லாக்ஸ்டனில் அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் கோர்ட் லீட். நிலப்பிரபுவின் பெயரால் கூடும் பழைய மேனர் நீதிமன்றத்தின் தொடர்ச்சி அது.

ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில், குளிர்காலக் கோதுமை விதைத்து முடித்ததும், ஜூரி நாள் வரும். ஊர் விவசாயிகளிலிருந்து தேர்ந்த ஒரு குழு, தலைவரோடு சேர்ந்து, அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலுக்குப் போகிறது. மற்ற இரண்டு வயல்களின் முறை அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும். கையில் மரமுளைகளும் சம்மட்டியும். குழு பிரிந்து பட்டை பட்டையாக நடக்கிறது. பழைய முளை அசைந்திருக்கிறதா, யாராவது அடுத்தவர் பட்டைக்குள் ஒரு சால் கூடுதலாக ஓட்டியிருக்கிறாரா, பொதுப்பாதையின் ஓரத்தை உழுது தின்றிருக்கிறாரா, வடிகாலைத் தூர்வாராமல் விட்டிருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். எல்லை தெளிவில்லாத இடத்தில் நின்று பேசி முடிவெடுத்துப் புது முளை அடிக்கிறார்கள். வேலியே இல்லாத வயலில் ஒரு சாலின் அகலம் சாதாரண விஷயமன்று. ஆண்டுக்கு ஒரு சால் திருடினால் பத்தாண்டில் அடுத்தவர் நிலத்தில் ஒரு நல்ல துண்டு காணாமல் போயிருக்கும். மதியம் ஊரின் டவ்கோட் இன் மதுக்கடையில் சாப்பாடு. பிறகு யார் யார் மீது என்ன குறை, எவ்வளவு அபராதம் என்று பேச்சு. அடுத்த வாரம் மன்றம் கூடும். நிலவுடைமையாளரின் சார்பில் ஒரு வழக்கறிஞர் தலைமை தாங்க, ஜூரி தன் முடிவுகளை அறிவிக்கும். அபராதத் தொகை சிறியதுதான். அண்டை வீட்டாருக்கு முன்னால் பெயர் படிக்கப்படுவதே உண்மையான தண்டனை. அடுத்த ஆண்டுக்கான ஜூரியும் அங்கேயே நியமிக்கப்படும்.

வயலில் நுழைந்த கொண்டி மாடுகளைப் பிடித்து அடைக்க முன்பு ஊரில் ஒரு காவல்காரர் இருந்தார். அவர் மாடுகளை அடைத்த பட்டி இன்றும் ஊருக்குள் இருக்கிறது.

பிரிட்டனில் இருந்த இத்தகைய மேனர் மன்றங்களில் பெரும்பாலானவற்றின் சட்ட அதிகாரத்தை 1977ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. லாக்ஸ்டன் மன்றத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் விலக்கு அளித்து, வயல்களை நிர்வகிக்கும் அதிகாரத்தைத் தொடரவிட்டது. பழம் சடங்காக மட்டும் நின்றுவிட்ட மன்றங்கள் வேறு சில ஊர்களில் உண்டு. இங்கே மன்றத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு புகழ்பெற்ற வாதத்தை எதிர்கொள்ள வேண்டும். 1968இல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாருக்கும் திறந்த மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைச் சேர்ப்பார்கள், இறுதியில் நிலம் அழியும் என்பது அதன் வாதம். 1832இல் வில்லியம் ஃபார்ஸ்டர் லாய்ட் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரைகளிலிருந்து ஹார்டின் அந்த உவமையை எடுத்தார். பொதுநிலம் என்றாலே பாழ் என்ற எண்ணம் அதன்பின் உலகெங்கும் பரவியது. பொது மேய்ச்சலையும் காடுகளையும் தனியாருக்கோ அரசுக்கோ மாற்றுவதற்கு அதுவே சாக்கானது.

லாக்ஸ்டன் அதற்கு ஒரு நேரடி மறுப்பு. இங்கே பொதுநிலம் ‘எல்லாருக்கும் திறந்தது’ ஆக ஒருபோதும் இருக்கவில்லை. அறுவடைக்குப் பிந்தைய தாள்களில் மாடு விட உரிமை யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து, ஒருவருக்கு எத்தனை உருப்படி என்பதெல்லாம் கணக்கு. ஒவ்வொரு வீட்டு மனைக்கும் இத்தனை மேய்ச்சல் பங்கு என்று வரையறை. மீறினால் அபராதம். பொதுவளங்களைக் கட்டிக்காக்கும் சமூகங்களை ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம், நிலைத்த அமைப்புகளுக்குப் பொதுவான பண்புகளைத் தொகுத்தார். தெளிவான எல்லை, பயன்படுத்துகிறவர்களே வகுக்கும் விதி, அவர்களுக்கே பதில் சொல்லும் மேற்பார்வை, தவறுக்கு ஏற்ப உயரும் தண்டனை, செலவில்லாமல் சச்சரவைத் தீர்க்கும் இடம் ஆகியவை அவற்றில் சில. ஜூரி நாளில் நடப்பதைப் பார்த்தவருக்கு இவை எல்லாமே ஒரே நாளில், ஒரே வயலில், சம்மட்டிச் சத்தத்தோடு தெரியும்.

இதை அழகுபடுத்தவும் கூடாது. இந்த மன்றம் சமத்துவச் சபையாக இருந்ததில்லை. அது பிரபுவின் மன்றமாகப் பிறந்தது, நிலமில்லாத கூலிக்கு அதில் பெரிய குரல் இருக்கவில்லை. வயல்களும் 1635இல் இருந்தபடியே இல்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மேன்வர்ஸ் பிரபு பட்டைகளைச் சேர்த்து அகலமாக்கினார். பெருவயல்களின் பரப்பும் இப்போது சுமார் 480 ஏக்கராகச் சுருங்கிவிட்டது. தரிசு ஆண்டில் தீவனப் புல் விதைக்கவும் இடம் கொடுத்தார்கள். எட்டு மாட்டு ஏருக்காகப் பிறந்த பட்டையில் அறுவடை இயந்திரம் ஓடுகிறது. விதி வளைந்துகொடுத்ததால்தான் அமைப்பு முறியாமல் நின்றது.

வயல்களுக்கு நடுவே, ஈரம் கசியும் தாழ்வுகளில், சைக்ஸ் எனப்படும் புல்தரைகள் ஓடுகின்றன. கலப்பை இறங்க முடியாத நிலம் என்பதால் அவற்றை ஊர் புல்லுக்காக விட்டுவைத்தது. உலர்தீவனத்துக்கான அந்தப் புல்லை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் கிடைத்த பணம் பங்குரிமை உள்ளவர்களுக்கு. உரமும் களைக்கொல்லியும் படாமல் நூற்றாண்டுகளாக ஒரே முறையில் அறுக்கப்பட்ட இந்தப் புல்தரைகளில், சுற்றுவட்டாரத்தில் எங்கும் மறைந்துபோன காட்டுப்பூக்கள் எஞ்சியிருக்கின்றன. இன்று அவை அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த இடமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. யாரும் பூக்களைக் காக்க முயலவில்லை, மாட்டுக்குப் புல் வேண்டும் என்றுதான் நினைத்தார்கள்.

1952இல் ஆறாவது மேன்வர்ஸ் பிரபு, வயல்முறை அழியாமலிருக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, நிலத்தைப் பிரிட்டிஷ் வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் அமைப்புக்குக் கைமாறியது. 2020இல் மீண்டும் விற்பனை. வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட். சுமார் எழுபது ஆண்டுகள் பொது அமைப்புகளிடம் இருந்த லாக்ஸ்டன், மேன்வர்ஸ் குடும்பத்தின் பழைய எஸ்டேட்டுக்கே திரும்பிவிட்டது.

உரிமையாளர் யார் என்பதைவிடக் கடினமான கேள்வி ஊருக்குள் இருக்கிறது. இந்த முறைக்குச் சிறு பண்ணைகளும் அவற்றை நடத்தும் பல குடும்பங்களும் தேவை. பன்னிரண்டு விவசாயிகள் இல்லாமல் ஒரு ஜூரி இல்லை. இன்றைய பிரிட்டனிலோ தானியப் பண்ணை பெரிதாகப் பெரிதாகத்தான் கட்டுப்படியாகிறது. சிறு பண்ணையை நம்பி ஒரு குடும்பம் நடத்துவது கடினம், வெளிவேலை ஒன்றும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு விவசாயி ஓய்வுபெற்றுப் பிள்ளைகள் வர மறுத்தால் அவர் பட்டைகள் பக்கத்துப் பண்ணையோடு சேரும். வயலில் எதுவும் மாறியதாகத் தெரியாது, ஜூரிக்கு மட்டும் ஒரு ஆள் குறைவார். நிலத்தை யார் வைத்திருந்தாலும், குத்தகைக்கு வரும் இளம் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையும் வீடும் கொடுப்பார்களா என்பதைப் பொறுத்தே அடுத்த தலைமுறையின் நவம்பர் மாதங்களில் அந்த முளைகளை அடிக்க ஆள் இருக்கும்.